நுண்கடன் குழுத் தலைவிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புச் சகோதரிகளுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்து வங்கிக் கிளைகளில் 31 ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள், கடன் தாள்களை வாசித்துச் சொல்லும்படி கேட்டு வரும் பெண்களுக்காக எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் உட்காருகிறேன். நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் எழுத வேண்டியவற்றை உரிய புகார்களாகத் தனியே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மடல் உங்களுக்கானது. வசூலுக்கு வருபவர் தன் கையால் செய்ய முடியாத வேலைகளை உங்கள் கையால் செய்துகொள்கிறார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் தொடர்ந்து பெய்த மழையால் எங்கள் பக்கத்தில் நடவு வேலை நின்றுபோனது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு தவணை கட்டவில்லை. மூன்றாவது தவணை நாளன்று மாலை, குழுத் தலைவியும் உறுப்பினர்கள் ஐந்து பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள். நிறுவனத்தின் ஃபீல்டு ஆபீசர் வாசலுக்கு வரவே இல்லை. தெருமுனைத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். இரவு ஒன்பதரை மணி வரை ஆறு பெண்களும் எழுந்திருக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. கடைசியில் அந்தப் பெண் காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தலைவியின் கையில் வைத்தாள்.

மறுவாரம் நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வங்கிக்குப் போனவள், அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். “கூலி ஏறியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சும்மா, கணக்குல ஒண்ணுமில்லேங்கிறாங்க” என்றாள். பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கிப் பார்த்தோம். கூலி வந்த அன்றே ஏடிஎம் வழியாகப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. அட்டையும் ரகசிய எண்ணும் தலைவியிடம் இருந்தன. கடன் வாங்கிய நாளில் ‘பாதுகாப்புக்காக’க் கொடுத்து வைத்தவை.

அந்தத் தலைவியை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதார். “அவ கட்டுற வரைக்கும் உங்க குழுவுல யாருக்கும் அடுத்த லோன் கிடையாது” என்று சொல்லப்பட்டதையும், தன் மகனின் கல்லூரிக் கட்டணம் அந்த அடுத்த கடனை நம்பித்தான் இருந்தது என்பதையும் சொன்னார். கடன்பட்டவளைக் கடன்பட்டவளே நெருக்கும்படி இந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. அதை உடைக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் தலைவிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். அடமானமில்லாச் சிறு கடனான நுண்கடன் தொடர்பாக ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று வெளியிட்டு அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் மிகத் தெளிவானவை. இரு தரப்பும் பேசி முடிவுசெய்த ஒரு பொது இடத்தில்தான் தவணை வசூலிக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடன்பட்டவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் மட்டுமே ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ செல்லலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைப்பதும், ஓயாமல் அழைத்துக்கொண்டே இருப்பதும், தகாத சொற்களைப் பேசுவதும், உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொல்லைப்படுத்துவதும், கடன்பட்டவரின் பெயரை ஊரறிய வெளியிடுவதும், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய்யாகப் பயமுறுத்துவதும் கடுமையான வசூல் முறைகள் என்று அந்த விதிகளிலேயே பட்டியலிடப்பட்டுத் தடுக்கப்பட்டிருக்கின்றன. நுண்கடன் அல்லாத வங்கிக் கடன்களுக்கும் நிதி நிறுவனக் கடன்களுக்கும், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று தனியே ஓர் அறிவிப்பு வந்தது. தவணை கட்டத் திணறுபவர்களை அடையாளம் கண்டு, அவர்களோடு பேசி வழிகாட்டும் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பதும் நுண்கடன் விதிதான். அந்த விதியைப் பற்றி உங்களில் யாருக்காவது, குழுக்கள் கூடும் சென்டர் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். இதுவரை ஒருவரும் ஆம் என்றதில்லை.

நிறுவன ஊழியருக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, ஊழியர் அல்லாத உங்களுக்கு இன்னொருத்தியின் வாசலில் இரவு ஒன்பதரை வரை அமர எந்த அதிகாரமும் இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்னும் கூட்டுப் பொறுப்புக்கு நீங்கள் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தக் கையெழுத்தால் பணப் பொறுப்பு எவ்வளவு வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எந்த ஒப்பந்தமும் உங்களை வசூல் முகவராக்காது. கடன் வசூலில் வலுக்கட்டாயம் செய்வதைத் தண்டிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றியிருக்கிறது. நாளை அந்தப் பெண் காவல் நிலையத்தில் மனு எழுதினால், தெருமுனையில் நின்றவரின் பெயர் அவளுக்குத் தெரியாது. திண்ணையில் இருந்த ஆறு பேரின் பெயரும் தெரியும். மனுவில் முதலில் வரப்போவது உங்கள் பெயர்தான்.

வசூலுக்கு யாராவது வந்தால், அவரை உட்கார வைப்பதற்கு முன்பே அடையாள அட்டையையும் நிறுவனம் அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். வங்கிகளின் வசூல் முகவர்கள் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது 2008-லிருந்தே உள்ள நடைமுறை. பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு தடித்தால் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பணம் கொடுத்தால் கடன் அட்டையில் அப்போதே பதிவு வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ஒப்புகை தரும் அந்த அட்டை கடன்பட்டவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஊழியரின் சொந்த கூகுள் பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அப்படி அனுப்பிய தவணைகள் நிறுவனத்தின் கணக்கில் ஏறாமலே போய், இரண்டாம் முறை கட்ட நேர்ந்த மூன்று பேரின் தாள்கள் என்னிடம் வந்திருக்கின்றன. எழுதப்படாத தாளிலும் வெற்று முத்திரைத் தாளிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கைது வாரண்ட், எஃப்ஐஆர், நீதிமன்ற உத்தரவு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் படங்களைக் கண்டு பலர் நடுங்கிப்போகிறார்கள். தவணை கட்ட முடியாமல் போவது உரிமையியல் (சிவில்) விவகாரம். அதற்காகவே காவலர் வந்து கைது செய்வதில்லை. கடனை வசூலிப்பதானாலும் வண்டியைப் பறிமுதல் செய்வதானாலும் சட்ட வழியில் மட்டுமே செய்ய வேண்டும், அடியாட்களைக் கொண்டு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அஞ்சலிலோ நீதிமன்ற ஊழியர் மூலமாகவோ உண்மையான அழைப்பாணை (சம்மன்) வந்தால் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

இனி வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். என் பணிக்காலம் முழுவதும் நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தது இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வங்கியல்லாத ஒரு நிதி நிறுவனம் வேறொரு வங்கியில் இருக்கும் உங்கள் கணக்கில் தானாகக் கை வைக்க முடியாது. நீங்கள் கையெழுத்திட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதி ஒரு வழி. பழைய பழக்கத்தில் நம் பெண்கள் அதை இன்னும் ஈசிஎஸ் என்கிறார்கள், வங்கியில் நாச் மேண்டேட் என்பார்கள். நீங்கள் ஒப்படைத்த அட்டை, ரகசிய எண், காசோலை, ஓடிபி, கைரேகை ஆகியவை இன்னொரு வழி. இவை இரண்டும் இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்த நீதிமன்றமும் கூலித் தொழிலாளரின் கூலியைப் பற்றுகை (ஜப்தி) செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. ஆக, முதல் இரண்டு வழிகளும் நாமே திறந்து விடுபவை.

கடன் கொடுத்ததே வங்கி என்றால் நிலைமை வேறு. தன்னிடம் உள்ள கடனுக்காகத் தன்னிடமே உள்ள உங்கள் இருப்பை நிறுத்திவைக்கும் உரிமை வங்கிக்கு இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. அந்த உரிமை சில நேரங்களில் எந்த அளவுக்குப் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டு நிலச்சரிவில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த 10,000 ரூபாய் உதவித் தொகையிலிருந்து ஒரு வங்கி தவணையைப் பிடித்தது. ஊரே எதிர்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. நம் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும், முதல் ஆயிரம் ரூபாயே பழைய கட்டண நிலுவைக்குப் போய்விட்டதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் அறிக்கை விட வேண்டியிருந்தது.

ஆகவே நான் எல்லாரிடமும் முதலில் சொல்வது, கூலியும் உரிமைத் தொகையும் ஓய்வூதியமும் வந்து சேரும் கணக்கு, கடன் வாங்காத ஒரு வங்கியில், தானியங்கிப் பிடித்தம் எதுவும் இணைக்கப்படாத தனிக் கணக்காக இருக்கட்டும் என்பதுதான். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கே போதும். ஜன் தன் கணக்கு அந்த வகையைச் சேர்ந்ததுதான். இதை ஏமாற்று வேலையாக நினைக்க வேண்டாம். தவணைக்குரிய பணத்தைத் தவணை நாளுக்கு முதல் நாள் நீங்களே தவணை பிடிக்கும் கணக்கில் போட்டால் அது கட்டப்படும். அரிசிக்கும் மருந்துக்கும் வைத்த பணம் உங்களைக் கேட்காமல் போகாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், ஆதாருடன் எந்த வங்கியை இணைத்திருக்கிறீர்களோ அந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு திறந்தால் மட்டும் போதாது. ஆதார் இணைப்பைப் புது வங்கிக்கு மாற்றும்படி ஒப்புதல் படிவம் கொடுத்து, மாறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, பழைய கணக்கிலேயே பணம் போய்க்கொண்டிருப்பது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

பணமில்லாத கணக்கில் பிடித்தம் திரும்பினால், திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி கட்டணம் போடுகிறது, அதற்கு வரியும் சேர்கிறது, நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு தொகை கேட்கிறது. தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துக் கால நீட்டிப்பு கேளுங்கள். தேவையானால் மேண்டேட்டை ரத்துசெய்யும்படி வங்கியில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரத்துசெய்வதால் கடன் ஒழிந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருப்பு இல்லாமல் பிடித்தம் திரும்புவது, காசோலை திரும்புவதைப் போலவே, 2007-ஆம் ஆண்டுப் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி குற்ற வழக்காகக்கூடும். அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அது கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. அந்த 15 நாள்தான் முக்கியம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. தொகை எழுதாமல் கொடுத்தேன், அவர்களே நிரப்பிக்கொண்டார்கள் என்று பின்னால் சொல்வது எளிதில் எடுபடாது. தானே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழும். தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் இப்படிக் காசோலைகள் சிக்கியிருந்தால், எண்களைக் குறித்துக்கொண்டு, கடன் முடிந்த அன்றே எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் தீயில் கருகியதை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தவர்கள் அவர்கள். மனுக் கொடுக்கத் தனியாகப் போகிறவளோடு குழுவும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரும் யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது, தலைவியிடமும் கூடாது. இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் அட்டைகளை இன்றே உரியவர்களிடம் கொடுத்து, ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். கைரேகையும் அட்டையைப் போன்றதுதான். ‘கேஒய்சி புதுப்பிக்கிறோம்’ என்று சிறு கருவியை நீட்டி விரலை வைக்கச் சொல்பவர், ஆதார் வழியே அப்போதே பணத்தை எடுத்துவிட முடியும். தேவையில்லாத காலத்தில் ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு அதைச் செய்துகொள்ளலாம். உங்களுக்கு வர வேண்டிய பணத்தைப் பெற யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தவே தேவையில்லை. அழுத்தச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான்.

கடன் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்றும், கடன் பணம் நிறுவனத்திலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்கும் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுங்கள். மார்பிங் செய்த படத்தை உறவினருக்கு அனுப்பி மிரட்டினால், மேலும் பணம் கட்டுவதால் அது நிற்பதில்லை. திரைப் பதிவுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணம் களவு போனாலும் அதே எண்தான். கூடவே வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையதாகிவிடும். அதனால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே அழையுங்கள்.

வசூல் அத்துமீறலுக்கு முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறை சொல்வார்கள். அடியோ மிரட்டலோ நேர்ந்தால் இந்த 30 நாள் காத்திருப்புக்கெல்லாம் இடமில்லை. நேராகக் காவல் நிலையம்தான். மனம் உடைந்து தப்பான முடிவைப் பற்றி யாராவது பேசினால் அவளைத் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணையும் 14416 என்ற எண்ணையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது அடுத்த சென்டர் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் மட்டுமே. ஒவ்வொருவரும் பாஸ்புக்கையும் கடன் அட்டையையும் கொண்டு வரட்டும். எந்தக் கணக்கில் கூலி வருகிறது, எதில் தவணை பிடிக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களின் பெயரை வட்டமிடுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 விதி. விண்ணப்பத்தில் உங்கள் வருமானத்தை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபீல்டு ஆபீசர் முன்னிலையிலேயே இதைச் செய்யலாம். அவரும் பெரும்பாலும் இருபத்தைந்து வயதில் இலக்கு என்ற கயிற்றில் கட்டுண்ட பிள்ளைதான், அவரை ஏசி ஆவது ஒன்றுமில்லை.

தவணை தவறியவளின் வீட்டுக்கு நீங்கள் போகத்தான் வேண்டும். பகலில் ஒருவர் மட்டும் போங்கள். அவளையும் பாஸ்புக்கையும் அழைத்துக்கொண்டு நேரே நூலகத்துக்கு வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணியிலிருந்து நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்.